வாயோரம் ஒரு ஈ

“சிரிக்கலாமா அண்ணா?”

படம் எடுக்க வந்தவரிடம் ஒரு சிறுமி ஒருமுறை இப்படிக் கேட்டாள். காலையிலிருந்து அந்தக் கேள்விதான் கணினி முன் உட்கார்ந்திருந்தவளின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இணையதள வடிவமைப்பு கற்று மூன்று மாதம். இந்த அலுவலகத்தில் சேர்ந்து இருபது நாள். பதினோரு இடம் ஏறி இறங்கிக் கிடைத்த வேலை. நிலைக்குமா இல்லையா என்பதை மாதக் கடைசியில்தான் முதலாளி சொல்வார்.

திரையில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் நன்கொடைப் பக்கம். நடுவில் ஏழு வயதுப் பெண்ணின் படம். முன்பல் இரண்டும் விழுந்த வாய் நிறையச் சிரிப்பு.

“இப்படிப் பல்லைக் காட்டினா எவன்மா குடுப்பான்? நல்லாத்தானே இருக்குன்னு போயிட்டே இருப்பான். கொஞ்சம் அழ வைங்க” என்றார் முதலாளி, காபியை உறிஞ்சியபடி.

வைத்தாள்.

உதட்டின் இரு ஓரங்களையும் பிடித்துக் கீழே இழுத்தாள். பொக்கை வாயை மூடினாள். கண்ணுக்கடியில் கருமை தடவினாள். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். அது மின்னுவதற்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

“ஒரு ஈ இருந்தா இன்னும் நல்லாருக்கும்.”

தேடினாள். கொழுத்த பச்சை ஈக்கள் திரை முழுக்க வந்து உட்கார்ந்தன. ஒன்றை வெட்டியெடுத்து வாயோரம் ஒட்டினாள். உட்கார்ந்த பொருளுக்கு நிழல் வேண்டும் என்பது வகுப்பில் படித்தது. நிழலும் போட்டாள்.

ஈ அத்தனை பொருத்தமாக உட்கார்ந்துகொண்டது.

“அடேங்கப்பா, கை தேறிடுச்சே உங்களுக்கு!” முதலாளி திரையின் ஓரத்தை எட்டிப் பார்த்தார். “ஆனா இதென்ன, ஈக்கு ஒரு லேயர், கண்ணீருக்கு ஒரு லேயர்? வெங்காயமா உரிக்கிறீங்க?”

புதிதாகக் கற்றவளின் பயம் அது. தப்பாகிவிட்டால்? அதனால் அவள் மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. மேலே கண்ணாடித்தாள் விரித்து வரைவதுபோல ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைப்பாள்.

“சாப்பிட்டு வந்துடறேன். அதுக்குள்ள ஏத்திடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அவள் எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள். மவுஸ் பிடித்த விரல்கள் பிசுபிசுவென்றே இருந்தன.

முப்பது வருடத்துக்கு முன், வேறோர் இல்லம். படம் நன்றாக வரவேண்டும் என்று நிர்வாகி அவள் தொடையைக் கிள்ளினார். அழுதாள். படம் எடுக்க வந்தவர் லென்ஸின் மூடியைக் கழற்றாமலே இரண்டு முறை ‘கிளிக்’ செய்தார்.

நிர்வாகி உள்ளே போனதும்தான் மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் அவள் கேட்டாள், சிரிக்கலாமா என்று.

“தாராளமா, கண்ணு” என்றார் அவர்.

அவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. தினமும் கடவுளிடம் ‘அந்த அண்ணன் நல்லா இருக்கணும்’ என்று மட்டும் சொல்வாள்.

கணினி முன் வந்து உட்கார்ந்தாள். கருமையின் லேயரை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கண்ணீரை, வெள்ளைப் புள்ளியை, இழுத்த உதடுகளை. கடைசியாக ஈயை, அதன் நிழலோடு.

அடியில் பொக்கை வாய் அப்படியே இருந்தது.

சேமித்தாள். ஏற்றினாள்.

படியில் முதலாளியின் காலடி கேட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.