இரண்டாவது சாஸ்

"வாயில போட்டுப் பாத்துட்டு நீயே சொல்லு, எப்படி இருக்கு?"

நாத்தனார் கரண்டியைச் சிட்டுவின் பக்கமே திருப்பிவிட்டார். ருசி பார்க்க வேண்டியவர் அவரல்லவா?

பெரிய உணவகத்தின் முதலாளி நாத்தனார். ஒரு சொட்டு சூப்பை நாக்கில் வைத்தால் போதும், அடுப்பில் அது எத்தனை நிமிடம் கூடுதலாகக் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தம்பி வீட்டுச் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த உணவகத்தின் அடுப்படியில் ஓர் இடம் வேண்டும் என்பது சிட்டுவின் மூன்று வருட ஏக்கம். போன மாதம் வேலை கேட்டு வந்த ஐந்து பேரை நாத்தனார் அரை மணி நேரத்தில் வந்த வழியே அனுப்பிவிட்டார். ஆறாவதாக இவள். "உனக்கு நல்லா வர்றதைப் பண்ணு" என்றதும், துணிந்து மிளகாய்ச் சாஸில் தோய்த்த சோள ரொட்டியில் கறியைச் சுருட்டும் மெக்சிகோ நாட்டு என்சிலாடாவில் இறங்கினாள். பதினொரு ஞாயிற்றுக்கிழமை பழகிய கை. பழகியதையெல்லாம் தின்று தீர்த்த புண்ணியம் கணவனுக்கு.

அந்தக் கைதான் இன்று அவள் காலை வாரிவிட்டது. காய்ந்த மிளகாயை வாட்டும்போது பதற்றத்தில் ஒரு நிமிடம் கூடிப்போய், மிளகாய் கறுத்துவிட்டது.

"என்ன சிட்டு, வீட்டைக் கொளுத்திட்டியா?" என்று கணவன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான். அவ்வளவு நாற்றம். நாத்தனார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆழம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அதையே ஊறவைத்துத் தக்காளி, பூண்டோடு அரைத்துக் கொதிக்கவிட்டாள்.

இப்போது ருசி பார்த்தாள். கசப்பு. சர்க்கரை போட்டுச் சமாளிக்கலாம். மேலே சீஸை அள்ளித் தூவி மூடி மறைக்கலாம். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கசக்குதுக்கா. மிளகாயைக் கருக்கிட்டேன்."

"கொஞ்சமாவா, நிறையவா?"

"முழுங்கின பிறகும் நிக்குது. இதை யாருக்கும் வைக்க முடியாது."

சட்டியிலிருந்த சாஸ் முழுவதையும் தொட்டியில் கொட்டினாள். வேலையும் அதோடு போய்விட்டது என்று நினைக்கக் கண் கலங்கியது.

"மறுபடி பண்ணு. எனக்கு அவசரமில்ல" என்றார் நாத்தனார்.

போனது போகட்டும் என்று ஆனபிறகு பதற்றமும் அடங்கியது. மிளகாயைக் கண் எடுக்காமல் வாட்டினாள். சோள ரொட்டிகளைச் சூடான எண்ணெயில் ஒரு முக்கு, புதுச் சாஸில் ஒரு முக்கு. உதிர்த்த கோழிக்கறியை நடுவில் வைத்துச் சுருட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி தட்டில் அடுக்கினாள்.

"எண்ணெய் எதுக்கு?"

"இல்லேன்னா சாஸ்ல ஊறிப் பிஞ்சிடும்கா."

நாத்தனார் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுகூட கிழியல" என்றார். அவர் வாயால் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. சிட்டுவுக்குக் காது குளிர்ந்துபோனது.

சிட்டு மேலே சீஸ் தூவி ஓவனில் வைத்து எடுத்ததும் நாத்தனார் இரண்டை முழுசாகச் சாப்பிட்டார். முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

"எப்படி இருக்குக்கா?"

"நீ சொல்லு."

சிட்டு ஒரு வாய் வைத்தாள். "சாஸ் சரியா வந்திருக்கு. உப்பும் சரி. சீஸ்தான் ஒரு பிடி ஜாஸ்தி, காரத்தை அமுக்குது." தன் குறையைத் தானே எடுத்துக் கொடுப்பவளுக்கு யார் வேலை தருவார்கள் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

நாத்தனார் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த அஞ்சு பேர்கிட்டயும் நானே உப்பை அள்ளிப் போட்ட சூப்பைக் கொடுத்தேன். அஞ்சு பேரும் என் முகத்தைப் பாத்து 'அருமை'ன்னாங்க."

சிட்டு புரியாமல் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடு. காய்ச்சல் வந்து எனக்கு வாசனையும் ருசியும் போயி நாலு மாசமாச்சு சிட்டு."