மருதமுனையில் கடல் சிவப்பு

வல்லாஹி, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை: இன்று காலை மருதமுனைக் கடல் சிவப்பு, கூரையில் கத்தும் காகம் மஞ்சள். நிப்றாஸ் தன் நாலு வயது மகள் றிபாவுக்கு நிறங்களை அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறான். நீரிழிவு என்ற சீனி வருத்தம் இரண்டு கண்களையும் கொண்டுபோனதிலிருந்து யாரோடும் கதைக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவன், இன்றுதான் எழும்பித் தறியடியில் வந்து குந்தியிருக்கிறான். நூல்கண்டுகள் பெட்டியில் தான் அடுக்கிய வரிசையிலேயே இருக்கின்றன என்ற நம்பிக்கையில் தடவித் தடவி எடுக்கிறான். மகள் விளையாட்டில் அவற்றைக் கலைத்துப் போட்டது அவனுக்குத் தெரியாது. கறுப்பை மஞ்சள் என்று சொல்லி முடித்துவிட்டான். இப்போது யன்னல் வெயில் அவன் கையிலுள்ள நீல நூலில் விழுந்து மினுங்குகிறது. "இது சிவப்பு மகள். உம்மாட கலியாணச் சாரிய இந்த நூல்லதான் நெய்தநான்." "பாக்காமலே எப்பிடி வாப்பா தெரியும்?" "வாப்பாட விரலுக்குத் தெரியாத நிறமா?" என்று சிரிக்கிறான். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்கும் ஸப்னா, பிள்ளை பிழையாகப் படிக்கிறாளே என்று வாயைத் திறக்கிறாள். புருசனின் முகத்தைக் கண்டதும் அதை விட்டுவிட்டு, கோப்பையை மெல்ல அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறாள். மகள் திரும்பி அவளைப் பார்க்கிறாள். "சிவப்பா உம்மா?" "ஓம் மகள். வாப்பா சொன்னாச் சரிதான்." றிபா நீல நூலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சிவப்பு, சிவப்பு" என்று உரக்கப் பாடமாக்குகிறாள். போன கிழமையே பாலர் பாடசாலையில் அவள் எல்லா நிறங்களையும் படித்து முடித்துவிட்டாள்.