நரி நின்ற இடம்

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, அதிகாரி அந்தக் கையடக்க கேம் கம்ப்யூட்டரை இடுக்கியால் தூக்கி மேசைமேல் போட்டார். கையில் உறை, மூக்கில் கைக்குட்டை, முகத்தில் வாந்திக்கு முந்தைய நிலை.

"இதுவா உங்களுது?"

எதிரே நின்ற பள்ளி வேன் ஓட்டுநருக்குக் காணாமல்போன பிள்ளையைக் கண்ட முகம். "இதேதான் சார்! போன மாசம் ரயில்ல விட்டுட்டு இறங்கிட்டேன்" என்று கையை நீட்டினார். இடுக்கி குறுக்கே வந்தது.

ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் அந்த அதிகாரியின் சுத்தம் பிரசித்தம். யாரோ விட்டுப்போன பல் செட்டுக்கு, உரியவர் வந்து சேரும்வரை காலையும் மாலையும் பல் விளக்கிவிட்டவர். குளிப்பாட்டாமல் ஒரு குடையைக்கூட உள்ளே சேர்க்க மாட்டார்.

"பட்டன் இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள். திரை பூரா எச்சில். பின்பக்கம் என்னமோ மஞ்சளா அப்பியிருந்தது. அது என்னன்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க."

"வாழைப்பழம் சார்."

"சொல்லாதீங்கன்னேன்ல? சீ! கிட்ட கொண்டுபோனா நனைஞ்ச காலுறை நாத்தம். மனுஷன் தொடுவானா இதை?"

பக்கத்து மேசையில் குடைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த பெண் ஊழியர், சிரிப்பை ஒரு குடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கக்கூஸுக்கும் கொண்டுபோவீங்களோ?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "எங்க வீட்ல தாழ்ப்பாள் உள்ள ரூம் அது ஒண்ணுதான் சார்."

அதிகாரி இன்னொரு உறையை எடுத்து, போட்டிருந்த உறைமேலேயே மாட்டிக்கொண்டார்.

"என்னத்தைய்யா கண்டீங்க இந்தச் சனியன்ல? விளையாடணும்னா வீட்ல ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வச்சு, கையைக் கழுவிட்டு உக்காந்து விளையாடறது!"

"அதுக்கு உக்காரணுமே சார்! எங்க வீட்டு மேசையில பாதி பிள்ளைங்க புத்தகம், மீதி மடிக்காத துணி. இதுன்னா ஸ்கூல் விடற வரைக்கும் வேன்லயே ஆடலாம். சின்னவ மார்ல தூங்கறப்போ அவ முதுகுமேலயே வச்சு ஆடலாம். வீட்டுக்காரி கூப்பிட்டா ஒரு பட்டனை அமுக்கிட்டு ஓடிடுவேன். வந்து பாத்தா விட்ட இடத்துலயே நிக்கும். எனக்காக வேற யாரு சார் அப்படிக் காத்துக்கிட்டு நிக்கறா?"

"போதும். இன்னிக்குச் சாயங்காலத்தோட கெடு முடியுது. உங்களுதுதான்னு நிரூபிச்சா எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா இதை அப்புறப்படுத்தறது என் பொறுப்பு."

ஓட்டுநருக்கு வேர்த்துவிட்டது. "பின்னால என் பெரிய பொண்ணு ஒட்டின பட்டாம்பூச்சி இருக்கும் சார்."

"மருந்து போட்டுத் தேச்சதுல, ஒட்டியிருந்ததெல்லாம் போச்சு. பூச்சியா புழுவான்னு நான் பாக்கல."

"இடது பக்கக் குமிழ்ல சின்னவ கடிச்ச தடம்..."

"எல்லார் வீட்டுப் பிள்ளையும்தான் கடிக்கும். பல்லுல பேரா எழுதியிருக்கு?"

ஓட்டுநர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "சார், உள்ள பாருங்க! நரி ஆட்டம். காட்டுல ஒரு கயித்துப் பாலம் வரும், நரி அதுக்கு இந்தப் பக்கம் நிக்கும். ஏறினா நேரா முதலை வாய்தான். ஆறு மாசமா முட்டிக்கிட்டு இருக்கேன், தாண்ட முடியல. சத்தியமா அங்கதான் நிக்கும்!"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் அசைந்தன.

"நிக்கலேன்னா?"

"அப்ப அது என்னுது இல்ல சார்."

"கேட்டுக்கிட்டீங்களாம்மா?" என்று ஊழியரைப் பார்த்தார் அதிகாரி. "அவர் வாயாலேயே சொன்னது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

பென்சில் முனையால் பட்டனை அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்தது. மூலையில் பேட்டரி நிறைந்திருந்தது.

"பாத்தீங்களா சார், ஒரு மாசம் பெட்டிக்குள்ள கிடந்தும் சார்ஜ் ஒரு பொட்டு இறங்கல! இதோட அருமையே அதான்" என்று அந்த நிலைமையிலும் ஓட்டுநர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பிறகுதான் படத்தைப் பார்த்தார். காடும் இல்லை, பாலமும் இல்லை. பனிமலை உச்சியில் நரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. தலையில் கிரீடம், தோளில் முதலைத்தோல் சால்வை.

"இதுவா உங்க நரி?"

ஓட்டுநர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "இல்ல சார். என் நரிக்குச் செருப்புகூடக் கிடையாது."

"அப்ப கிளம்புங்க. நான் கை கழுவணும்."

இடுக்கி இறங்கி அந்தக் கருவியைக் கவ்வியது. ஓட்டுநர் வாசல்வரை போனார். மனம் கேட்கவில்லை, திரும்பினார்.

"போறேன் சார். ஆனா ஒண்ணு. அந்தப் பாலத்தை நேர்வழியில எவனாலயும் தாண்ட முடியாது. இவன் யாரோ, என்னமோ திருட்டு வேலை பண்ணித்தான் மலை ஏறியிருக்கான். ஃப்ராடுப் பய!"

குடைக்குப் பின்னால் ஊழியர் "ஆமாமா, இருக்கும்" என்று ஒத்து ஊதினார்.

இடுக்கி கீழே விழுந்தது. கைக்குட்டை பறந்தது. காதெல்லாம் சிவக்க எழுந்து நின்றார் அதிகாரி.

"யாருய்யா ஃப்ராடு? குதிக்கக் கூடாதுய்யா, தவழணும்!"