கிறுக்குவதற்கு முன்னால்

மழை விட்ட ஜன்னல் வழியாக வெயில் வந்து அண்ணியின் விசைப்பலகையில் விழுகிறது. திரையில் சோதனை மறுபடியும் தோல்வி என்று சிவப்பு காட்டுகிறது. சோதிப்பது, முன்பின் தெரியாத ஒரு பெண் முதன்முதலாக அனுப்பிய பேட்ச்; கோப்புகளில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. பழைய கோப்பை நகலெடுத்துப் புதுப் பெயரில் வை, பழையதில் மட்டும் நாலு வரியை மாற்று என்கிறது. இப்படி வரும் பேட்ச்களைக் கோப்புகளில் பொருத்த அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து எழுதிய புரோகிராம் அதைப் பொருத்தினால், புதியதிலும் அந்த நாலு வரி மாறித் தொலைக்கிறது. "அவங்கதான் தப்பா அனுப்பியிருக்காங்க அண்ணி, வேண்டாம்னு சொல்லிடுவோம்" என்கிறான் கொழுந்தன். அண்ணி மறுப்பு மெயிலை அடித்தும் விட்டாள்; அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மூலையில் ஜெராக்ஸ் மிஷின் உறுமி ஒரு தாளைத் துப்புகிறது. "அட ச்சே!" என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொள்கிறான். வேலை அட்டவணையைச் சுத்தமாக ஒரு நகல் எடுத்து வைக்காமல், பேனாவால் அடித்துத் திருத்திய பிறகு நகல் எடுத்திருக்கிறான். கிறுக்கல் அத்தனையும் நகலிலும் கருகருவென்று நிற்கிறது. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணி குபீரென்று சிரிக்கிறாள். "நம்ம புரோகிராமும் உன்ன மாதிரியேதான்டா. முதல்ல திருத்திட்டு, அப்புறமா நகல் எடுக்குது." அவள் விரல்கள் பறக்கின்றன. நகலெடுத்து முடித்த பிறகே மூலத்தில் கை வை என்று இரண்டு வரிகள் இடம் மாறுகின்றன. ஜன்னல் கம்பியில் தொங்கிய கடைசித் துளி சொட்டுகிறது. திரை பச்சையாகிறது. அண்ணி மறுப்பு மெயிலைக் கீழிருந்து அழித்துக்கொண்டே போகிறாள். மேலே 'வணக்கம்' மட்டும் மிஞ்சுகிறது. அதன் கீழ் அடிக்கிறாள்: "தப்பு எங்களோடது. உங்க பேட்சைச் சேர்த்தாச்சு. அடுத்தது எப்போ அனுப்புவீங்க?"