மல்லாட்டைக் கொல்லை வெளிச்சம்

திண்டிவனம் பக்கத்தில் கெங்கம்மாள் நிலக்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லைக்கு மேலே, சாயங்காலமானால் ஒரு வெளிச்சம் வந்து நிற்கும். ஒரு காலத்தில் அதை வெள்ளிக் கிரகம் என்றார்கள்; பிறகு வானிலை பலூன் என்றார்கள்.

இந்த வருஷம் ட்ரோனில் மருந்தடிக்க வந்த ரோஜாவிடம், "நேத்து மேல நின்னுக்கினு இருந்தது உன் ட்ரோன்தானே?" என்று கெங்கம்மாள் கேட்டாள். பேச்சை முடிக்க ரோஜாவும் "ஆமாங்க" என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் கெங்கம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். "கேக்காமலே கிழக்குக் கொல்லைக்கும் அடிச்சிட்டியே! இலையில ஒரு பூச்சி இல்ல."

ரோஜா அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே, தன் ட்ரோனுக்கு மருந்து ஊற்றப் போனாள். வரப்பில் அதன் பின்னால் இன்னொன்று, றெக்கையே இல்லாமல், தரையைத் தொடாமல், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தது.