வாசலில் வைத்த பதாகை

வேற்றுக்கிரகங்களைக் கறுப்புப் பெண்கள் ஆளும் கதைகளை எழுதிய நைஜீரிய எழுத்தாளர் அடேசுவா, தனக்கான பாராட்டு விழாவின் வாசலிலேயே நின்றுவிட்டாள். வரவேற்புப் பதாகையில் அவள் முகம் கோதுமை நிறத்தில் இருந்தது.

அவள் கதைகளைத் தமிழில் வெளியிட்ட மங்கையர்க்கரசி பதறிப்போய் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டாள்.

"எல்லாருக்கும் பண்றதுதான மேடம்? கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிட்டேன்" என்றான் கடைக்காரன்.

அடேசுவாவுக்குக் கோபம்கூட வரவில்லை. தன் நாயகிகள் அட்டைக்கு அட்டை வெளுத்துக்கொண்டே போனதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள். பதாகையின் கீழ் மூலையில் கைகூப்பி நின்ற ரோஜா நிறப் பெண்ணைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டாள்.

மங்கையர்க்கரசி, போர்த்துவதற்குக் கொண்டுவந்த பொன்னாடைக்கு அடியில் தன் கறுத்த கைகளை ஒளித்துக்கொண்டாள்.

"நான்தான்."