செல்வராணியின் கட்டம்

இரண்டாம் வகுப்பின் சுவரைச் சுற்றி, தரையிலிருந்து பிள்ளைகளின் உயரம்வரை கரும்பலகை ஓடுகிறது. ஆளுக்கு ஒரு கட்டம். அந்த வாரம் எழுதியதை வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அவரவரே அழித்துவிட வேண்டும். செல்வராணியின் கட்டத்தை மட்டும் மூன்று வாரமாக யாரும் தொடவில்லை. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் எழுதிய ‘வாத்து’ அப்படியே இருந்தது.

“அத அழிச்சிட்டுப் புதுசா வந்த பிள்ளைக்குக் குடுங்க” என்றார் டீச்சர்.

பக்கத்துக் கட்டத்துப் பேச்சியம்மாள் எழுந்து போய், அந்தக் கட்டத்தில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

“எந்திரிட்டி.”

“மாட்டேன்.”

“ஏலே, ஊமைக்கு வாய் வந்துட்டுலே!” என்று ஒருவன் கத்தினான்.

டீச்சர் குரலைத் தணித்தார். “அவ இனிமே வரமாட்டா, பேச்சி.”

“வந்தா எங்க எழுதுவா?”

மணி அடிக்கும்வரை அவள் அசையவில்லை. வியர்வையில் சீருடை பலகையோடு ஒட்டிக்கொண்டது. அவள் எழுந்தபோது கட்டத்தில் எழுத்து இல்லை. வகுப்பே சிரித்தது. அவள் வாசலுக்குத் திரும்பியதும் சிரிப்பு நின்றது. சீருடையின் முதுகில், கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக்கொண்டு, வெள்ளையாக இருந்தது வாத்து.

திங்கட்கிழமை அதே சீருடையைத் துவைக்காமல் போட்டுவந்தாள். புதுப் பிள்ளை சாக்பீஸோடு நின்றது. அதன் கையைப் பிடித்துத் தன் கட்டத்தின் முன்னால் நிறுத்தினாள். பிறகு செல்வராணியின் கட்டத்தில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, முதுகைப் பலகையில் அழுத்தினாள்.